எம்.எஸ்.டபிள்யூ செகண்ட் இயர்ல மெடிக்கல் & சைக்கியாட்ரிக் எடுக்கலாமா, இல்ல வீட்ல சொல்ற மாதிரி ஹெச்.ஆரா?

கரிசல்_மதி:
வணக்கம் மக்களே. விருதுநகர் பக்கம் ஒரு கிராமம் நான். பி.காம் முடிச்சுட்டு இப்ப எம்.எஸ்.டபிள்யூ, அதாவது சமூகப்பணி பி.ஜி, மொத வருசம் முடியப் போகுது, அடுத்த மாசம் ஸ்பெஷலைசேஷன் ஃபார்ம் குடுக்கணும். எங்க காலேஜ்ல மூணு இருக்கு, ஹெச்.ஆர், கம்யூனிட்டி டெவலப்மெண்ட், அப்புறம் மெடிக்கல் & சைக்கியாட்ரிக், அதாவது ஆஸ்பத்திரி, மனநலப் பக்க வேலை. க்ளாஸ்ல முக்காவாசிப் பேர் ஹெச்.ஆர்தான். எனக்கு மூணாவது மேலதான் கண்ணு.

ஏன்னா எங்க ஊர்ப்பக்கம் பாதி வீடு பட்டாசு ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போற வீடு. 2012ல முதலிப்பட்டி வெடிவிபத்துல 40 பேர் கிட்ட செத்துப் போனாங்க, அது பெரிய நியூஸ், அதுக்கப்புறம் வருசா வருசம் சின்னதும் பெருசுமா வெடிச்சுக்கிட்டேதான் இருக்கு. நிவாரணம் அறிவிப்பாங்க, கலெக்டர் வருவார், போட்டோ வரும். அதோட சரி. தீக்காயத்தோட பொழச்சு வந்த பொம்பளைங்க ராத்திரி தூங்குறாங்களா, தீவாளிக்கு தெருவுல வெடி போடும்போது என்ன ஆகுறாங்கன்னு யாரும் கேக்குறதில்ல. எங்க தெருவுலயே ஒரு சித்தி ஐப்பசி பொறந்தா கதவ சாத்திக்கிட்டு உள்ள உக்காந்துருவாங்க, கேட்டா "எனக்கு வெக்கை ஆகாது"ம்பாங்க. அவ்ளோதான் சொல்லுவாங்க.

இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் வேலை செய்யணும்னு ஆசை. ஆனா வீட்ல "அஞ்சு வருசம் படிச்சுட்டு பைத்தியக்கார ஆஸ்பத்திரியில வேலையா"ன்னு அம்மா ஒரே அழுகை. இந்த ஃபீல்டுல யாராச்சும் இருக்கீங்களா? சம்பளம் என்ன, எம்ஃபில் இல்லாம பொழைக்க முடியுமா, நெசமாவே ஏதாவது மாறுதா? ஒளிக்காம சொல்லுங்க.

கால்குலேட்டர்_கணேசன்:
நானும் எம்.எஸ்.டபிள்யூதான், ஹெச்.ஆர் எடுத்தேன், இப்ப ஒரகடத்துல ஒரு ஃபேக்டரில இருக்கேன். நேரா விஷயத்துக்கு வரேன். உன் ஸ்பெஷலைசேஷன் எடுத்த என் பேட்ச்மேட்ஸ்ல பாதிப் பேர் இன்னும் காண்ட்ராக்ட்ல ஓடிட்டு இருக்காங்க, ப்ராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சது, அடுத்த ஃபண்டிங் வர்ற வரைக்கும் வீட்ல உக்காரணும். ஆரம்பத்துல என்.ஜி.ஓல பதினஞ்சாயிரத்துக்கும் கீழ ஆஃபர் பண்ணவங்கள எனக்குத் தெரியும். ஹெச்.ஆர் எடு, நல்லா சம்பாதி, ஞாயித்துக்கெழம சேவை பண்ணு. யாரு வேணாங்குறா.

அப்புறம் இன்னொன்னு, பட்டாசு கம்பெனிக்கு ஒழுங்கான ஒரு ஹெச்.ஆர் போனா அந்த விபத்தே கொறையுமே, அத யோசிச்சியா?

கரிசல்_மதி:
அண்ணா அந்த ஊர்ல ஹெச்.ஆர் டிபார்ட்மெண்ட் வெச்சிருக்குற பட்டாசு ஆபீச கைவிட்டு எண்ணிரலாம். மிச்சமெல்லாம் கணக்குப்பிள்ளையும் ஃபோர்மேனும்தான். மரத்தடியில குத்தகைக்கு மருந்து செலுத்துற எடத்துல ஹெச்.ஆரு எங்க போய் உக்காருவாரு :)

மாட்டுத்தாவணி_பஸ்:
மதி, நான் தெக்க ஒரு மாவட்டத்துல மாவட்ட மனநலத் திட்டத்துல, அதாவது டி.எம்.ஹெச்.பில, சோசியல் ஒர்க்கரா இருக்கேன். காண்ட்ராக்ட்தான். சம்பளம் இருபதுக்கும் இருபத்தஞ்சுக்கும் நடுவுல. கணேசன் சொன்னதுல பொய் எதுவும் இல்ல, அத முதல்லயே ஒத்துக்கறேன். ஆனா வேலை என்னன்னு அவருக்குத் தெரியல, அத நான் சொல்றேன்.

டாக்டர் கிழமைக்கு ஒரு தாலுகா ஆஸ்பத்திரின்னு சுத்துவாரு, நாங்களும் கூடவே. காலைல எட்டரைக்கெல்லாம் வராண்டால ஆளுங்க உக்காந்திருப்பாங்க, மஞ்சப்பையில பழைய ஓ.பி சீட்டு, காலி மாத்திரை அட்டை, சில பேர் சாப்பாட்டையும் கட்டிக்கிட்டு வந்துருவாங்க ஏன்னா திரும்பிப் போக பஸ்ஸு மத்தியானம்தான். டாக்டருக்கு ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிசம் கெடச்சா பெருசு. அதனால என் வேலை அந்த வராண்டாலயே ஆரம்பிச்சிரும். அட்டைய வாங்கிப் பார்ப்பேன், முப்பது மாத்திரை குடுத்தா எத்தன மிச்சம் இருக்குன்னு. மிச்சம் இருந்தா ஏன்னு கேக்கணும். திட்டக் கூடாது, திட்டுனா அடுத்த மாசம் அட்டைய வீட்லயே வெச்சுட்டு வருவாங்க.

ஏன் சாப்டலங்கிறதுக்கு வர்ற பதில் இருக்கே, அதுலதான் என் முழு வேலையும் இருக்கு. கை நடுங்குது சார், மம்பட்டி பிடிக்க முடியல, கொத்தனார் வேணாங்குறாரு. இது மாத்திரையோட பக்கவிளைவு, டாக்டர்கிட்ட சொன்னா டோஸ மாத்துவாரு இல்ல நடுக்கத்துக்குத் தனி மாத்திரை குடுப்பாரு, ஆனா அவர்கிட்ட இத சொல்ல இவரு கூச்சப்படுவாரு. இன்னொருத்தர் தூக்கம் வருது, காலைல நாலு மணிக்கு பூ மார்க்கெட்டுக்கு எந்திரிக்க முடியலம்பாரு. இன்னொரு அம்மா, மருமக வர்றப்ப மாத்திரைய ஒளிச்சு வெச்சேன், அப்புறம் எங்க வெச்சேன்னே மறந்துட்டேன்னு. இதுல எது வியாதி, எது வறுமை, எது மருமக மேல பயம்னு பிரிக்கவே முடியாது. பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லங்குறதுதான் நான் கத்துக்கிட்டது.

மத்தியானத்துக்கு மேல பேப்பர் வேலை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல மனநோயும் சேந்துருக்கு, பாதிப்பு 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா மாற்றுத்திறனாளி அட்டை கெடைக்கும். ஐடியாஸ்னு ஒரு அளவுகோல் இருக்கு, அத வெச்சு கவர்மெண்ட் டாக்டர் மதிப்பீடு பண்ணி, அப்புறம் ஆன்லைன்ல யு.டி.ஐ.டிக்கு, அதாவது அந்த அடையாள அட்டைக்கு, போடணும். கேக்க ஈசியா இருக்கும். ஆதார்ல இருக்குற ஃபோன் நம்பர் செத்துப்போன அப்பாவோடதா இருக்கும், ஓ.டி.பி வராது, ஈ-சேவைக்குப் போனா நாளைக்கு வாங்கம்பாங்க, நாளைக்கு வர்றதுக்கு ஒரு நாள் கூலி போயிரும். அந்த ஓ.டி.பிய வர வெக்கிறதும் மனநல சேவைதான்னு எந்த சிலபஸ்லயும் எழுதி வெக்கல.

மாறுதான்னு கேட்டல்ல. மாறுது. எல்லாருக்கும் இல்ல. மாத்திரை ஒழுங்கா எடுத்து வீட்லயும் கொஞ்சம் அனுசரிச்சா, பேசாம மூலைல உக்காந்திருந்த ஆளு ஆறு மாசத்துல ஆடு மேய்க்கப் போறத நான் பாத்திருக்கேன். திரும்ப விழுந்தவங்களையும் பாத்திருக்கேன்.

ஆனந்தி_டைப்பிங்:
கேக்கவே மலைப்பா இருக்கு. ஒரு டவுட், இதெல்லாம் சைக்காலஜிஸ்ட் பண்ற வேலை இல்லையா? மதி பேசாம எம்.எஸ்ஸி சைக்காலஜி போயிருக்கலாமே.

மாட்டுத்தாவணி_பஸ்:
சைக்காலஜிஸ்ட் டெஸ்ட் எடுப்பாங்க, தெரபி பண்ணுவாங்க, ரொம்ப முக்கியமான ஆளு. எங்க டீம்லயும் ஒருத்தங்க இருக்காங்க. ஆனா வீடு, வேலை, ரேஷன், போலீஸ், பஞ்சாயத்து, சொந்தக்காரன் இதெல்லாம் சேந்த மனுசனைப் பாக்குறது எங்க பக்கம்.

சட்டப்படி பாத்தா 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே மாசம் அமலுக்கு வந்துச்சு, அதுல "சைக்கியாட்ரிக் சோசியல் ஒர்க்கர்"னா யாருன்னு தெளிவா இருக்கு. சோசியல் ஒர்க்ல பி.ஜி, அதுக்கு மேல ரெண்டு வருச முழுநேர எம்ஃபில், ஆஸ்பத்திரி பயிற்சியோட. அதனால வெறும் எம்.எஸ்.டபிள்யூ முடிச்சுட்டு அந்தப் பேர போட்டுக்க முடியாது. இப்ப சிக்கல் என்னன்னா யூஜிசி எம்ஃபிலையே எடுத்துட்டாங்க. க்ளினிக்கல் சைக்காலஜிக்கும் நம்ம படிப்புக்கும் மட்டும் 2025-26 அட்மிஷன் வரைக்கும் நீட்டிச்சாங்க. இன்னொரு பக்கம் 2021ல வந்த அல்லைடு ஹெல்த்கேர் சட்டத்துல, அதாவது டாக்டர் நர்ஸ் இல்லாத மத்த மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்துல, மெடிக்கல் சோசியல் ஒர்க்கர், சைக்கியாட்ரிக் சோசியல் ஒர்க்கர் ரெண்டு பேரையும் சேத்துருக்காங்க, பதிவு அந்த வழியாத்தான் வரும். மதி, நீ முடிக்கிறப்ப எந்தப் பேர்ல கோர்ஸ் நடக்குதோ அத பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி மாதிரி எடத்துலயே நேரா கேட்டுக்க. யூட்யூப்காரன் சொல்றத நம்பி ஃபீஸ் கட்டிராத. "ஆறு மாச டிப்ளமோ, மனநல ஆலோசகர் ஆகலாம்"னு ஊருக்கு ஊரு போர்டு மாட்டியிருக்கானுங்க, அதுல சேந்துட்டு மனநோய் சிகிச்சை நான் பண்றேன்னு உக்காந்தா அது ஆபத்து, நமக்கும் வர்றவங்களுக்கும்.

எம்ஃபில் இல்லாமயும் எடம் இருக்கு. ஆஸ்பத்திரியில ஹெச்.ஐ.வி டெஸ்ட்டும் ஆலோசனையும் தர்ற நம்பிக்கை மையம், வன்முறைக்கு ஆளான பொம்பளைங்களுக்கான ஒன் ஸ்டாப் சென்டர், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குடிமறப்பு மையம், என்.ஜி.ஓ எல்லாத்துலயும் எம்.எஸ்.டபிள்யூ எடுப்பாங்க. அங்க வர்றதுல பாதி மனநலம்தான், ஃபைல்ல வேற பேரு இருக்கும்.

ராவணன்_2.0:
எல்லாரும் ரொம்ப சீரியஸா பேசுறீங்க. மனசு சரியில்ல, டிப்ரஷன், இதெல்லாம் ஐ.டி கம்பெனிக்காரனுக்கும் பணக்காரனுக்கும் வர்ற வியாதி. எங்க தாத்தா பாட்டி எல்லாம் கவுன்சிலிங் போயா வாழ்ந்தாங்க. உழைக்கிறவனுக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏது.

ஆனந்தி_டைப்பிங்:
உங்க தாத்தா ஊர்ல எத்தன பேரு "வயித்து வலி தாங்காம" பூச்சிமருந்து குடிச்சாங்கன்னு வீட்ல பெரியவங்கள கேட்டுப் பாருங்க. எஃப்.ஐ.ஆர்ல எல்லாம் வயித்து வலிதான். என்.சி.ஆர்.பி, அதாவது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட 2022 கணக்குப்படி நாட்டுல தற்கொலை பண்ணிக்கிட்டவங்க 1,70,924 பேரு, அதுல கால்வாசிக்கு மேல தினக்கூலிங்க. தமிழ்நாடு மட்டும் 19,834, மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாமதான். பணக்கார வியாதியாம்.

மாட்டுத்தாவணி_பஸ்:
நிம்ஹான்ஸ் 2015-16ல எடுத்த தேசிய மனநல சர்வேல தமிழ்நாடும் இருந்துச்சு. சர்வே எடுத்த மாநிலம் எல்லாம் சேத்து வயசு வந்தவங்கள்ல 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்துல ஏதோ ஒரு மனநலப் பிரச்சன. அதுல சிகிச்சை கிடைக்காதவங்க, வியாதியப் பொறுத்து 70ல இருந்து 92 சதவீதம் வரைக்கும். நேரம் இல்லன்னு சொன்னீங்களே ராவணன், அது சரிதான். நேரமும் இல்ல, பஸ்ஸும் இல்ல, டாக்டரும் இல்ல. அதுக்காக வியாதி இல்லாம போயிருமா.

தம்பிக்காரன்:
நான் இந்த ஃபீல்டு இல்ல, லாரி ஆபீஸ்ல புக்கிங் பாக்குறேன். எங்க அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா. அதனால எழுதணும்னு தோணுச்சு.

காலேஜ் படிக்கறப்ப ஆரம்பிச்சுச்சு. ஃபேன்ல இருந்து பேசுறாங்கம்பான். நாங்க மொதல்ல போனது மந்திரிக்கிறவர்கிட்ட, அப்புறம் ஒரு கோயில்ல ஒரு மண்டலம் தங்க வெச்சோம், அப்புறம் ஒரு பிரைவேட் டாக்டர், அவர்ட்ட காசு தீந்துச்சு. எங்கம்மா மாத்திரைய நுணுக்கி ரசஞ்சோத்துல போட்டு குடுக்க ஆரம்பிச்சாங்க. நல்லாத்தான் போச்சு ஒரு வருசம். ஒரு நாள் அடுப்படில அம்மிக்கல்லுல வெள்ளப் பொடிய பாத்துட்டான். அன்னிக்கோட வீட்டுச் சோறு நின்னுச்சு. அம்மா வெசம் வெக்கிறாங்கன்னு ஏற்கெனவே மண்டைக்குள்ள குரல் சொல்லிக்கிட்டு இருந்துச்சாம், இப்ப கண்ணாலயே பாத்துட்டான்ல. கடையில பன்னும் டீயும் மட்டும் வாங்கி சாப்டான், அதுவும் பிரிக்காத பாக்கெட்டா இருந்தாதான்.

அரசு ஆஸ்பத்திரில ஒரு சோசியல் ஒர்க்கர் மேடம். வீட்டுக்கு வந்தாங்க. வந்தவங்க எங்ககிட்ட பேசல, நேரா அண்ணன்கிட்ட போயி திண்ணையில உக்காந்தாங்க. மாத்திரை பத்தி ஒரு வார்த்தை பேசல. அவனுக்கு செஸ் புடிக்கும்னு தெரிஞ்சு அத பத்தி பேசிட்டு போயிட்டாங்க. எனக்கு செம கடுப்பு, இதுக்கா கவர்மெண்ட் சம்பளம்னு. திரும்பத் திரும்ப வந்தாங்க. அப்புறம் ஒரு நாள் அவங்க முன்னாடி அம்மாவ உக்கார வெச்சு "ஆமாப்பா, சோத்துல போட்டேன், பயந்து போயி போட்டேன், இனிமே உனக்குத் தெரியாம எதுவும் குடுக்க மாட்டேன்"னு சொல்ல வெச்சாங்க. அவன் ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் மாசத்துக்கு ஒரு ஊசி இருக்கு, மாத்திரை தெனம் வேண்டாம், உனக்கு இஷ்டம்னா மட்டும்னு டாக்டர் வழியா கேட்டாங்க. ஒத்துக்கிட்டான். இப்ப ஒரு ஜெராக்ஸ் கடையில இருக்கான். முழுசா சரியாகல, சில நாள் கடைக்கே போமாட்டான், ஓனர் நல்ல மனுசன்.

மதி, உங்கம்மாகிட்ட சொல்லுங்க, பைத்தியக்கார ஆஸ்பத்திரி வேலைன்னு அவங்க நெனைக்கிறது எங்க வீட்டுத் திண்ணையில நடந்த வேலை.

கரிசல்_மதி:
தம்பிக்காரன் அண்ணா, இத அம்மாவுக்கு படிச்சுக் காட்டப் போறேன். அனுமதி உண்டா?

தம்பிக்காரன்:
தாராளமா.

பி.ஹெச்.சி_அக்கா:
நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல ஸ்டாஃப் நர்ஸ். வருசா வருசம் எம்.எஸ்.டபிள்யூ பசங்க ஃபீல்டு ஒர்க்குக்கு வருவாங்க, வாரத்துக்கு ரெண்டு நாள். கொஞ்சம் கசப்பா சொல்லப் போறேன், கோச்சுக்காதீங்க.

வர்றதுல பாதி அட்டெண்டன்ஸ் கையெழுத்துக்குத்தான் வருது. "அவேர்னஸ் ப்ரோக்ராம்"னு ஒண்ணு போடுவாங்க, ப்ளெக்ஸ் பேனர் அடிப்பாங்க, ஓ.பிக்கு வந்த பி.பி சுகர்காரங்கள வெயில்ல உக்கார வெச்சு மனநலம்னா என்னன்னு பவர்பாயிண்ட்ல இருந்து படிப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, போயிருவாங்க. அந்த ரிப்போர்ட்ல "அறுபது பேர் பயனடைந்தனர்"னு இருக்கும். என்னத்த பயனடைஞ்சாங்க, டீயும் பிஸ்கட்டும்தான்.

ஒரு பொண்ணு மட்டும் வேற மாதிரி. பேனரும் இல்ல ஒண்ணும் இல்ல. தடுப்பூசி நாளைக்கு வந்து கொழந்தைய வெச்சிருக்கறவங்க பக்கத்துல பெஞ்சுல உக்காந்துக்கும். பிரசவமாகி ரெண்டு மாசம் ஆன ஒருத்தி, கொழந்த அழுவுது, அவ பாட்டுக்கு சுவத்த பாத்துட்டு உக்காந்திருந்தா. நாங்க எல்லாரும் வேலை மும்முரத்துல "பாலு குடும்மா"ன்னு ஒரு சத்தம் போட்டுட்டு போயிட்டோம். இந்தப் பொண்ணுதான் உக்காந்து பேசி, மாமியார வெளிய அனுப்பி, அப்புறம் டாக்டர்ட்ட கூட்டிட்டு வந்துச்சு. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு, அதுவும் கொஞ்சம் தீவிரம். சரியான நேரத்துல ரெஃபர் பண்ணோம்.

ஸ்பெஷலைசேஷன் எதுவா வேணா இருக்கட்டும் மதி, நீ எந்த பெஞ்சுல உக்காரப் போறேன்னு மட்டும் முடிவு பண்ணிக்க.

செங்கல்சூளை:
செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் இருளர் மக்களோட வேலை பாக்குற ஒரு சின்ன அமைப்புல இருக்கேன். மேல பேசுனதுக்கு ஒரு சின்ன மறுப்பு இருக்கு.

மனநலம்னு பேனர கட்டிட்டு போனா எங்க குடியிருப்புல ஒரு ஆளு வரமாட்டாங்க. அவங்களுக்கு மொத கவலை சாதிச் சான்றிதழ். அது இல்லாம பசங்களுக்கு ஸ்காலர்ஷிப் கெடைக்காது, பட்டா கெடைக்காது. ரெண்டாவது கவலை சூளை முதலாளி குடுத்த முன்பணம். குடும்பத்தோட கொத்தடிமையா இருந்தவங்களுக்கு விடுதலைச் சான்றிதழ் வாங்குறதுக்கே நாங்க ஆர்.டி.ஓ ஆபீஸ்ல தவம் கெடக்கணும். வெளிய வந்த பிறகு தூக்கத்துல கத்துறாங்க, காக்கிச் சட்டைய பாத்தா ஒளியுறாங்க, ஆம்பளைங்க குடியில விழுந்துடுறாங்க. அப்ப போயி "உங்க உணர்வ பத்தி சொல்லுங்க"ன்னா என்ன சொல்லுவாங்க? சிரிப்பாங்க.

நாங்க பண்றது என்னன்னா சாயங்காலம் போவோம், வேலை முடிஞ்சு வந்து அடுப்பு பத்த வெக்கிற நேரம். சான்றிதழ் பத்தி பேசுவோம். அதுலயே ஒவ்வொண்ணா வரும். மனநலத்த சோறு, நெலம், சாதி இதுல இருந்து பிரிச்சு தனி டிபார்ட்மெண்டா ஆக்குறதுல எனக்கு உடன்பாடு கெடையாது. என்னைக் கேட்டா மதி நீ கம்யூனிட்டி டெவலப்மெண்ட் எடு. மாத்திரை குடுக்க ஆளு இருக்கு, மனு எழுதிக் குடுக்க ஆளில்ல.

மாட்டுத்தாவணி_பஸ்:
தோழர், மனு எழுதுறது வேணும்னு நானும்தான் சொல்றேன். ஆனா "மாத்திரை குடுக்க ஆளு இருக்கு"ங்கறது சரியில்ல. தீவிர மனநோய் இருக்குற ஒரு பொம்பளைக்கு பட்டா வாங்கிக் குடுத்தா சித்தப்பா வந்து கைநாட்டு வாங்கிட்டு போயிருவான், எனக்கு இப்பவே ஒரு கேஸ் ஓடிட்டு இருக்கு. வியாதிய கண்டுபிடிக்கத் தெரியணும். இது மனச்சோர்வா, இல்லாத குரல் கேக்குற மாதிரியான சைக்கோசிஸா, வலிப்பா, குடிய நிறுத்துனதால வர்ற குழப்பமான்னு தெரியாம சான்றிதழ் மட்டும் வாங்கிக் குடுத்துட்டு இருந்தா ஆளு கைய விட்டுப் போயிரும். கேஸ் ஹிஸ்டரி எடுக்கறது, மெண்டல் ஸ்டேட்டஸ் பாக்குறது இதெல்லாம் உக்காந்து கத்துக்க வேண்டிய தொழில். அதுக்கு மெடிக்கல் & சைக்கியாட்ரிக்தான் வழி.

செங்கல்சூளை:
குடிய திடீர்னு நிறுத்துறப்ப வர்ற குழப்பம், அத ஒத்துக்கறேன். எங்க ஆளு ஒருத்தரு அப்படி கை கால் நடுங்கி, இல்லாத பூச்சிய தட்டிவிட்டுக்கிட்டு இருந்தாரு, பேய் புடிச்சிருக்குன்னு கட்டிப் போட்டுட்டாங்க. 108ல ஏத்தி கொண்டு போகலன்னா செத்துருப்பாரு.

பி.ஹெச்.சி_அக்கா:
கட்டிப் போடுறதுன்னதும் ஏர்வாடிதான் ஞாபகம் வருது. 2001 ஆகஸ்ட் 6, விடிகாலை அந்த தர்கா ஊர்ல மனநோயாளிங்கள வெச்சிருந்த காப்பகம் தீப்பிடிச்சப்ப சங்கிலியில இருந்ததால ஓட முடியாம 28 பேரு செத்தாங்க. நான் அப்ப நர்சிங் படிச்சுட்டு இருந்தேன், ஹாஸ்டல் டி.வில பாத்துட்டு யாரும் சாப்பிடல. அப்புறம்தான் சுப்ரீம் கோர்ட்டே தலையிட்டுச்சு. இப்ப 2017 சட்டத்துல 95வது பிரிவு, எந்த விதத்துலயும் சங்கிலியில கட்டக் கூடாதுன்னு இருக்கு. தர்காவுலயே டாக்டர உக்கார வெச்சு, துவாவும் (பிரார்த்தனை) இருக்கட்டும் தவாவும் (மருந்து) இருக்கட்டும்னு மாத்திரையும் குடுக்குறாங்க. நம்பிக்கைய ஏளனம் பண்ணாம பக்கத்துலயே மருந்த வெச்சது புத்திசாலித்தனம்னுதான் நான் சொல்லுவேன்.

ராவணன்_2.0:
தர்காவுக்கு ஒரு நியாயம் கோயிலுக்கு ஒரு நியாயம்னு ஆரம்பிச்சுராதீங்க.

பி.ஹெச்.சி_அக்கா:
திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு எங்க ஆளுங்கதான் அனுப்பி வெக்கிறாங்க, பூசையும் நடக்குது மாத்திரையும் நடக்குது. போய் வேற வேலை இருந்தா பாருப்பா.

வடலிக்காடு:
நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இஞ்ச எங்கட பக்கம் நிலைமை கொஞ்சம் வேறை, ஆனா மதி தங்கச்சி கேட்ட கேள்வி எங்களுக்கும் பழகின கேள்விதான்.

2009 சண்டை முடிஞ்ச பிறகு வன்னியில உளசமூக வேலை செய்த ஆக்களோட நானும் இருந்தனான். இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த மெனிக் பாம் முகாம் காலத்தில வெளியில இருந்து கனக்க நிறுவனங்கள் வந்தவை, ரெண்டு நாள் பயிற்சி, சேட்டிபிகட், படம் கீறுற பிள்ளையள். காசு முடிய போயிட்டினம். நிண்டு வேலை செய்தது ஊர் ஆக்கள்தான். உளவளத்துணையாளர் எண்டு பயிற்சி எடுத்த எங்கட பெட்டையள், தாங்களும் சண்டையில ஆக்களை இழந்தவை, சைக்கிளில போய் வீடு வீடா இருந்து கதைச்சவை. மனநல டொக்டர் தயா சோமசுந்தரம் எழுதினதுகளை தேடி வாசியுங்கோ, ஒரு தனி மனுசருக்கு வாற நோயாயில்லாம முழுச் சமூகத்துக்கும் வந்த காயமா இதைப் பாக்கவேணும் எண்டு அவர் கனகாலமாச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்கட வெடிவிபத்து ஊருகளுக்கும் அது பொருந்தும் எண்டு நினைக்கிறன்.

காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர தாய்மார் 2017இல இருந்து கிளிநொச்சியில றோட்டுக்கரையில இருக்கினம். அவையிட்டைப் போய் "ஏற்றுக்கொள்ளுங்கோ, கடந்து போங்கோ" எண்டு கதைக்க ஏலாது. மரணச் சான்றிதழ் எடுங்கோ எண்டு சொல்லுறதே அவைக்கு பிள்ளையை திரும்பக் கொல்லுற மாதிரி. அங்க துணை எண்டால் பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிக்கிறதுதான், கோரிக்கையை குழப்பாமல்.

இன்னொண்டு. 1990களின்ர நடுப்பகுதியில இலங்கை உலகத்திலயே தற்கொலை கூடின நாடுகளில ஒண்டு. அது பாதிக்கும் கீழ குறைஞ்சதுக்கு முக்கிய காரணம் நஞ்சு கூடின பூச்சிகொல்லியளை ஒவ்வொண்டா தடை செய்தது. சமூகவேலை படிக்கிற ஆக்கள் இதையும் தெரிஞ்சு வைச்சிருக்க வேணும், எல்லாத்தையும் கதைச்சே தீர்க்கலாம் எண்டு நினைக்கப்படாது.

செங்கல்சூளை:
வடலிக்காடு சொன்னது ரொம்ப முக்கியமான பாயிண்ட். கோயமுத்தூர் திருப்பூர் பக்கம் சாணிப்பவுடர் கதையும் இதேதான். வாசல் தெளிக்கிற பவுடரு, குடிச்சா விஷம், பெட்டிக்கடையில சில்லறை காசுக்கு கெடைக்கும், கோவம் வந்த அந்த நிமிசத்துல கைக்கு எட்டுற தூரத்துல இருக்கும். மோனோகுரோட்டோபாஸ் மாதிரி சில பூச்சிமருந்துகளுக்கு தமிழ்நாட்டுலயும் தற்காலிகமா தடை போட்டாங்க. அந்தக் கடைக்காரர்கிட்ட போய் இத ஒளிச்சு வைங்கண்ணே, தனியா வர்ற ஆளுக்கு குடுக்காதீங்கண்ணே, நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்புங்கன்னு பேசுறதும் சோசியல் ஒர்க்தான். பாதிப் பேரு நாளைக்கு வரமாட்டாங்க.

ஆனந்தி_டைப்பிங்:
இத படிக்கிற யாருக்காச்சும் இப்பவே மனசு தாங்கலன்னா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்க மனநல ஹெல்ப்லைன், காசு கெடையாது, தமிழ்ல பேசுவாங்க, ராத்திரியும் எடுப்பாங்க. தமிழ்நாட்டுல 104ம் இருக்கு. இழை நீளமா போகுது, யாரு படிக்கிறாங்கன்னு நமக்குத் தெரியாதுல்ல.

கரிசல்_மதி:
எல்லாரும் இவ்ளோ எழுதுவீங்கன்னு நெனைக்கல. மூணு கேள்வி மட்டும் இருக்கு. ஒண்ணு, பொண்ணா தனியா ஃபீல்டுக்கு போறது எப்படி இருக்கு? ரெண்டு, இவ்ளோ சோகத்த கேட்டுக்கிட்டு நீங்க எப்படி தூங்குறீங்க? மூணு, ஹெச்.ஆர் எடுத்தவங்க பின்னாடி இந்தப் பக்கம் வர முடியுமா? அம்மாவுக்கு அதான் கடைசி ஆயுதம், "மொதல்ல வேலைக்கு போ, அப்புறமா சேவை பண்ணிக்க"ன்னு.

பி.ஹெச்.சி_அக்கா:
மொதல் கேள்விக்கு நான். போற எடத்துல டாய்லெட் இருக்காது, அத முன்னாடியே யோசிச்சுக்க, தண்ணி குடிக்காம இருந்து யூரின் இன்ஃபெக்‌ஷன் வாங்காத பொண்ணு எங்க வேலைல இல்ல. தனியா போகாத, வி.ஹெச்.என் (கிராம சுகாதார நர்ஸ்), இல்லன்னா அங்கன்வாடி டீச்சர், மகளிர் குழு தலைவி யாராச்சும் ஒருத்தங்களோட போ. பாதுகாப்புக்கு மட்டும் இல்ல, அவங்க கூட போனா கதவு தொறக்கும். குடிகார வீட்டுக்கு சாயங்காலத்துக்கு மேல போகாத.

மாட்டுத்தாவணி_பஸ்:
ரெண்டாவது. வேலைக்கு சேந்த புதுசுல தூக்கம் வராது, அது எல்லாருக்கும்தான். உதவுறது ஒண்ணுதான், மேல ஒரு ஆளு, வாரா வாரம் உக்காந்து கேஸ் பத்தி பேசுற சூப்பர்வைசர். வேலைக்கு சேரும்போது சம்பளத்தோட சேத்து இத கேளு, யாரு எனக்கு சூப்பர்விஷன் பண்ணுவாங்கன்னு. பதில் இல்லன்னா யோசி. நல்ல மனசோட வந்துட்டு, ஒரு தற்கொலை கேஸ்ல நொறுங்கிப் போயி, கேக்க நாதியில்லாம வேலைய விட்டுட்டுப் போன பசங்கள பாத்திருக்கேன். அவங்க பலவீனமானவங்க இல்ல, அமைப்பு அப்படி.

நம்பர் குடுக்குறதுலயும் கவனமா இரு. பர்சனல் நம்பர குடுத்துட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு அடிக்கும், எடுக்கலன்னா குத்த உணர்ச்சி. ஆபீஸ் நம்பரும் 14416ம் எழுதிக் குடு.

கால்குலேட்டர்_கணேசன்:
மூணாவதுக்கு நானே சொல்றேன். ஹெச்.ஆர்ல இருந்து இந்தப் பக்கம் வந்த ஒருத்தர கூட நான் பாத்ததில்ல. இ.எம்.ஐ விடாது. அதனால அம்மா சொல்ற "அப்புறமா" வராது, அத தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணு. நான் இன்னும் ஹெச்.ஆர்தான் பெட்டர்ங்குற கட்சி, ஆனா தம்பிக்காரன் எழுதுனத படிச்சப்புறம் முன்ன மாதிரி அடிச்சு சொல்ல முடியல. எங்க ஃபேக்டரிலயே நைட் ஷிஃப்ட் பசங்க ஹாஸ்டல்ல ஒரு சாவு ஆச்சு, அப்ப நாங்க என்ன பண்ணோம்னா ஒரு மோட்டிவேஷனல் ஸ்பீக்கர கூட்டிட்டு வந்தோம்.

செங்கல்சூளை:
ஹா ஹா. அழுவுறதா சிரிக்கறதான்னு தெரியல.

கரிசல்_மதி:
அப்டேட். அம்மாவுக்கு தம்பிக்காரன் அண்ணா எழுதுனத படிச்சேன். ரசஞ்சோறு வர்ற எடத்துல "பாவம்டி அந்தப் பொம்பள"ன்னாங்க. அதுக்கப்புறம் ஹெச்.ஆர் பேச்சு எடுக்கல, சரின்னும் சொல்லல. ஃபார்ம் குடுத்துட்டேன், மெடிக்கல் & சைக்கியாட்ரிக். செங்கல்சூளை அண்ணா கோச்சுக்காதீங்க, கம்யூனிட்டி பேப்பர எலக்டிவா எடுக்க முடியுமான்னு கேட்டிருக்கேன். ஜூலைல இருந்து தாலுகா ஆஸ்பத்திரில ஃபீல்டு ஒர்க். மொத நாள் போயி என்ன பண்றது?

மாட்டுத்தாவணி_பஸ்:
ரெஜிஸ்டர வாங்கி, மூணு மாசமா மருந்து வாங்க வராதவங்க லிஸ்ட் எடு. ஃபோன் நம்பர் பாதி தப்பா இருக்கும், வி.ஹெச்.என்கிட்ட கேட்டா வீடு சொல்லுவாங்க. உங்க ஊர்ப்பக்கம்னா தீக்காய வார்டு ஓ.பி எந்தக் கிழமைன்னும் விசாரிச்சு வெச்சுக்க, உங்க சித்தி மாதிரி ஆளுங்க மனநலப் பிரிவுக்கு வரமாட்டாங்க, கட்டு மாத்துறதுக்கு வருவாங்க.

கால்குலேட்டர்_கணேசன்:
எக்செல் கத்துக்கிட்டு போ. அந்த லிஸ்ட்ட நோட்டுல எழுதிட்டு உக்காந்திராத. வேணும்னா நான் சொல்லித் தரேன், ஃப்ரீ.